அமலோற்பவம் அம்மாளின் மூன்றரை சென்ட்

ஜூலை 2, ஞாயிறு

இன்று மனை பார்க்கப் போனவர்கள்: நான், என் வீட்டுக்காரர் சவரிநாதன், மகள் ஜெனிட்டா, மனையைக் காட்டிய ஞானாதிக்கம் அண்ணன். ஆக நான்கு பேர். மனைக்குள் ஏற்கெனவே இருந்தவை வெள்ளாடு இரண்டு. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் எங்களைவிட அவைதான் இடத்தை மூலை முடுக்கெல்லாம் நன்றாகப் பார்த்தன.

இடம் திண்டுக்கல்லுக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி, முப்பது வருடத்துக்கு முன் போட்ட லேஅவுட்டில். மூன்றரை சென்ட், கிழக்குப் பார்த்தது. நடுவில் நின்று பார்த்தால் எங்கள் மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை தெரிகிறது. வீட்டுக்காரர் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், எதையும் மோந்து பார்த்துத்தான் முடிவு சொல்லுவார். என்ன வாசம் வருகிறது என்று கேட்டேன்.

"மண்ணு வாசந்தான்" என்றார்.

மனை ஞானாதிக்கம் அண்ணனுடையது அல்ல. அவருடைய பெரியம்மா அமலோற்பவம் என்பவருடையது. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பன்னிரண்டு வருடமாக ஹூப்ளியில் மகள் வீட்டில் இருக்கிறார். விற்கும் அதிகாரத்தை அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விலை பன்னிரண்டேகால் லட்சம். ரிட்டயர்மெண்டில் வந்த பணம் பேங்கில் பதின்மூன்று இருக்கிறது. வேறு பணம் எங்களுக்கு இல்லை, இனி வரவும் வராது. வாடகை வீட்டை செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

ஞானாதிக்கம் அண்ணன் இருபது வருடமாகத் திருவிழாவில் செபஸ்தியார் சப்பரத்துக்கு முன்கொம்பு தூக்குகிறவர். தோளில் அதற்கான தழும்பு இருக்கிறது. வீட்டுக்காரர் பத்திரத்தைப் படித்தாரோ இல்லையோ, அந்தத் தழும்பை நன்றாகப் படித்திருக்கிறார்.

செலவு: ஆட்டோ 160. டீ நான்கு 60.

ஜூலை 3, திங்கள்

துணி துவைத்தேன். இரண்டு போர்வை. மனை நினைப்பாகவே இருந்தது. ஆசை என்று எழுத மாட்டேன். நினைப்பு.

ஜூலை 4, செவ்வாய்

அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டேன். காலை ஐந்தே முக்கால் பூசைக்குப் போனேன். என்னோடு எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் தூங்கினார்கள்.

ஜெனிட்டா கேட்கிறாள்: "அம்மா, அந்தோணியார் தொலைஞ்சு போனதத்தான கண்டுபிடிச்சுக் குடுப்பாரு? நம்ம காசு இன்னும் தொலையலையே."

வாயைக் கழுவு என்றேன். இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பேச்சு கூடிவிட்டது.

மெழுகுவர்த்தி 20.

ஜூலை 6, வியாழன்

பத்திர நகல்கள் வந்தன. நான் ஐந்தாவதோடு நின்றவள். பிறகு பங்குப் பத்திரிகை, மளிகை கட்டி வந்த காகிதம், வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டு என்று கிடைத்ததை எல்லாம் படித்து நானே கற்றுக்கொண்டேன். சம்பளச் சீட்டில் எழுபது ரூபாய் தப்பாகப் பிடித்ததை 1998இல் நான்தான் கண்டுபிடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது.

பத்திரத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். அமலோற்பவம் அம்மாள் 1994இல் வாங்கியிருக்கிறார். அதற்கு முந்திய தாய்ப்பத்திரமும் இருக்கிறது. பட்டா அவர் பேரில். ஜெனிட்டா முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து வந்தாள். ஒரு வில்லங்கமும் இல்லை. பவர் பதிவு செய்ததுதான். எல்லாவற்றுக்கும் பென்சிலால் டிக் போட்டேன்.

சாயங்காலம் டேப்போடு போய் அளந்தோம். பத்திரத்தில் வடக்கு எல்லை ஐம்பத்தொரு அடி. டேப்பில் ஐம்பது.

"அண்ணே, ஒரு அடி எங்க?"

"முப்பது வருசத்து மழைக்கா. கரைஞ்சிருக்கும்."

"மழ வடக்கால மட்டும் பெஞ்சுச்சா?"

பக்கத்து வேலியை ஒதுக்கிப் பார்த்தால் எல்லைக்கல் உள்ளே இருந்தது. ஒரு அடியும் கிடைத்தது. அவர் சிரித்துவிட்டார். "அக்கா, உங்கள மாதிரி ஒரு ஆளு தாலுகா ஆபீஸ்ல இருக்கணும்." நல்ல மனிதர்தான்.

பெரியம்மாவை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஹூப்ளி போயி வர மூணு நாளாகும்க்கா. போனாலும் பிரயோஜனமில்ல. படுத்த படுக்கை. பேச்சு வரல. ஆளும் தெரியறதில்ல."

வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "நீ என்ன, பொண்ணு பாக்கவா போற? இடத்தப் பாத்தாச்சுல்ல."

வீட்டுக்காரர் சொன்னால் சரிதான். டிக் போடாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஜூலை 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து வீட்டுக்காரர் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். என்னிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லவில்லை. கொடுத்ததாகத்தான் சொன்னார். ரசீது எங்கே என்றேன். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியிருக்கிறார். ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. சாட்சி யார் என்றேன்.

"மாதா பாத்துக்கிட்டுத்தான இருந்தாங்க."

மாதா கோர்ட்டுக்கு வரமாட்டார் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஆண்களுக்குப் பணம் கையில் இருந்தால் பொறுமை இருக்காது. நானாக இருந்தால் யாரையும் கேட்காமல் பத்துப் பைசா கொடுத்திருக்க மாட்டேன்.

அரைக்கிலோ மட்டன் 420. ஒரு லட்சம் போன வீட்டில் இதுவும் போகட்டும் என்று வாங்கியது.

ஜூலை 12, புதன்

பால் 56. தக்காளி கிலோ 90 (அநியாயம்). வெங்காயம் 40. மற்றவை 20,000.

மற்றவை என்ன என்பது ஆண்டவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் இந்த நோட்டைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக எழுதியிருக்கிறேன்.

பதினோரு மணிக்கு ஞானாதிக்கம் அண்ணன் வந்தார். வீட்டுக்காரர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். காபி கொடுத்தேன். வத்தலக்குண்டுப் பார்ட்டி ஒன்று மனையைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம். பெரியம்மாவின் மகளுக்குக் கூடுதல் விலை ஆசை வந்துவிடக் கூடாதாம். "சவரி அண்ணன்கிட்டச் சொன்னா பதறுவாரு. உங்களுக்குத்தான்க்கா விவரம் புரியும்" என்றார். எனக்குப் புரிந்தது. சீட்டுப் பணம் இருந்த டப்பா இப்போது காலி. கழுவிக் கவிழ்த்தேன்.

ஜூலை 14, வெள்ளி

சமையலறை ஜன்னலைக் கிழக்கில் வைத்தால் பாத்திரம் கழுவும்போது சிலுவை தெரியும். இந்தப் பக்கத்தில் வரைந்திருப்பது அதுதான். ஜெனிட்டா மாட்டுத்தொழுவம் என்று நினைத்தாளாம்.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் நாள். பத்திரம் எழுதுகிற தனபால் சார் ஆபீசுக்குப் போனோம். கூட்டமே இல்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா வாங்க. ஆடியில எனக்குச் சோறு போடுறது நீங்களும் பாய்மாரும்தான்."

"அதான் சார் இந்த மாசத்தப் பாத்தோம்" என்றார் ஞானாதிக்கம் அண்ணன். "கூட்டமிருக்காது. யாரும் துருவித் துருவிக் கேக்க மாட்டாங்க. முப்பத்தொண்ணாம் தேதி முடிச்சுருவோம்."

தனபால் சார் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "எல்லாஞ் சரி. பவர் குடுத்த அம்மா உசுரோட இருக்காங்கன்னு டாக்டர் சான்று வேணும். ஆயுள் சான்று. அது இல்லாம பதிவாகாது" என்றார்.

பவர்தான் பதிவாகி இருக்கிறதே, எதற்கு இது என்று நான் கேட்டேன். தெரியாததைக் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது.

"பவர் குடுத்தவரு செத்துட்டா அந்தப் பவரும் அன்னைக்கே செத்துரும்மா. அப்புறம் வாரிசுங்கதான் வந்து கையெழுத்துப் போடணும். அது தெரியாம வாங்குனீங்கன்னா, நீங்க குடுத்தது காசு, அவங்க குடுத்தது பேப்பரு."

ஞானாதிக்கம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் தலைக்கு மேலேதான் ஃபேன் ஓடியது. பாவம், உடம்பு சரியில்லை போல. மோர் வாங்கிக் கொடுத்தேன். 15.

ஜூலை 20, வியாழன்

ஆயுள் சான்று வந்துவிட்டது. ஹூப்ளி டாக்டர் ஒருவர் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார். திங்கள்கிழமை கேட்டோம், வியாழக்கிழமை கையில் இருக்கிறது. என் தங்கை மதுரையிலிருந்து போட்ட கல்யாணப் பத்திரிகை கல்யாணம் முடிந்து வந்தது.

ஜெனிட்டா இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். அமலோற்பவம் அம்மாள் உயிரோடும் தெளிவான நினைவோடும் நன்றாகப் பேசும் நிலையிலும் இருப்பதாக எழுதியிருக்கிறது.

"பேச்சு வரல, ஆளு தெரியலன்னு சொன்னாருல்லம்மா?"

"சொகமாயிருக்கும்."

"எப்ப?"

"மூணு செவ்வா முடிஞ்சிருக்குடி" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உலை வைக்கும் வேலை இருந்தது.

ஜூலை 22, சனி

இட்லி மாவு அரைத்தேன். உளுந்து சரியில்லை. இரவில் சரியாகத் தூக்கமில்லை, உளுந்து நினைப்புத்தான்.

ஜூலை 25, செவ்வாய்

நான்காம் செவ்வாய். மழைத் தூறல். பூசைக்கு வந்தவர்கள் சாமியாரையும் உபதேசியாரையும் சேர்த்து ஆறு பேர்.

எங்கள் கோயில் வழக்கம் வெளியாருக்குத் தெரியாது என்பதால் எழுதி வைக்கிறேன். பூசை ஆரம்பிக்கும் முன், இன்றைய பூசை யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று உபதேசியார் மைக்கில் வாசிப்பார். பிறந்தநாள், சுகவீனம், பரீட்சை, மரித்தவர்கள் எல்லாம் வரும். இருநூறு ரூபாய் கொடுத்துப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஞாயிறு என்றால் முப்பது பெயர் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் அபூர்வம்.

இன்று ஒரே ஒரு பெயர். மரியசூசை உபதேசியார் ஆறு பேருக்கு அறுநூறு பேருக்கான சத்தத்தில் வாசித்தார்: மரித்த அமலோற்பவம் டீச்சரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, முதலாம் ஆண்டு நினைவு, ஒப்புக்கொடுப்பவர் ஒரு விசுவாசி.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்திலிருந்தவள் என் முழங்கையில் இடித்தாள்.

பதினெட்டாம் தேதி தெளிவான நினைவோடு நன்றாகப் பேசிய அம்மாளுக்கு இருபத்தைந்தாம் தேதி முதலாண்டு நினைவு.

பூசையில் மனம் நிற்கவில்லை. அதற்காகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். உலகத்தில் எத்தனை அமலோற்பவம் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் டீச்சர், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். முடிந்ததும், பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் உடை மாற்றும் சக்ரீஸ்து அறைக்குப் போனேன். உபதேசியார் பூசைக் கருத்து எழுதுகிற நோட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, ஒரு விசுவாசின்னா யாரு?"

"பேரு போட வேணாம்னு சொன்னவங்க பேரச் சொல்லக் கூடாதும்மா. அது ரகசியம்."

"நானும் ரகசியமாத்தான் கேக்குறேன்."

"பிரகாசியம்மா, உங்ககிட்ட ரகசியம் சொன்னா அது கணக்கு நோட்டுல ஏறிரும்."

பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். பதின்மூன்று லட்சத்தையும் சொன்னேன், செப்டம்பரையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"நான் சொல்ல மாட்டேன். பீடத்துல மெழுகுவர்த்தி எரியுது, போயி அணைச்சுட்டு வாரேன். நோட்டு இங்கிட்டு இருக்கட்டும்."

நோட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். இரண்டு மெழுகுவர்த்தியை அணைக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்பு. நான் படிக்கவில்லை. என் கண்ணில் பட்டது. ஞானாதிக்கம், 200, பணம் வந்தது.

உபதேசியார் திரும்பி வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கூட்டமில்லாத பூசையாப் பாத்துப் போடுங்கன்னு கேட்டாரு. எனக்கு அப்பவே, பூசைக்குக் கூட்டம் வேணாம்னு சொல்ற மொத ஆளு இவருதான்னு பட்டுச்சு."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். குடை கையில் இருந்தது. விரிக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 26, புதன்

வீட்டுக்காரரிடம் நேற்று இரவே சொன்னேன். நம்பவில்லை.

"அமலோற்பவம்னு ஊருக்கு நாலு பேரு இருப்பாங்க."

"நாலு பேருக்கும் ஞானாதிக்கம் பூச வைப்பாரா?"

"ஒருவேள அவுக பெரியப்பாவுக்கு ரெண்டு சம்சாரமா இருக்கும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ரெண்டு பேரும் டீச்சரு, அப்படித்தான?"

 இன்று காலை மூன்றாவது இட்லியைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் மூன்றாவது இட்லியை அவர் விட்டது இரண்டே தடவை. முதல் தடவை அவர் அம்மா இறந்தபோது. பத்து மணிக்குத் தன் பழைய ஸ்பேனர் டப்பாவைத் திறந்து பெரிய ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு?"

"சும்மா. துருப்பிடிக்குது."

பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டேன். சண்டை போட்டால் அந்த ஆள் இல்லை என்று சாதிப்பார். நம்மிடம் இருப்பது ஸ்டாம்ப் இல்லாத வெள்ளைத் தாள். ஒரு நல்ல காரியத்துக்கு முன் வீட்டில் செபமாலை சொல்வது வழக்கம்தானே, வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்வோம், ஞானாதிக்கம் அண்ணனையும் கூப்பிடுங்கள் என்றேன்.

"ஏமாத்துனவனக் கூப்புட்டு செபமா?"

"அவருக்குத்தான செபம் ரொம்பத் தேவை" என்றேன். என் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 28, வெள்ளி

வந்திருந்தவர்கள்: நாங்கள் மூன்று பேர், ஞானாதிக்கம் அண்ணன், மரியசூசை உபதேசியார். உபதேசியார் தற்செயலாக வந்தார். நான் இரண்டு தடவை போன் செய்து எத்தனை மணிக்குத் தற்செயலாக வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வாசல் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். அங்கே காற்று வரும்.

செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்தையும் சொல்லி முடித்தோம். ஞானாதிக்கம் அண்ணனுக்கு நல்ல குரல், பிரார்த்தனையும் பிழையில்லாமல் வரும். கண்ணை மூடிக்கொண்டால் கல்லும் கரைந்துவிடும். கடைசியில் மரித்த ஆன்மாக்களுக்காக வேண்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொரு பெயராக நான் சொல்வேன், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். வழக்கமாக என் அப்பாவில் ஆரம்பித்து மாமியாரில் முடியும்.

என் அப்பா பெயரைச் சொன்னேன். ஆமென். மாமனார். ஆமென். மாமியார். ஆமென். குரலை மாற்றாமல் அப்படியே தொடர்ந்தேன்: "எங்கள் அமலோற்பவம் டீச்சர்."

"ஆமென்."

அவர் குரல் மட்டும்தான் வந்தது. முந்திய ஆமென்களைவிடப் பலமாக, நெஞ்சிலிருந்து வந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணோரம் ஈரம் கூட இருந்தது. எங்கள் நான்கு பேரின் வாயும் மூடியிருந்தது. அதன் பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"அண்ணே," என்றேன், "உசுரோட இருக்கவங்களுக்கு இந்தச் செபம் சொல்றதில்லையே."

"பழக்கத்துல... நீங்க வரிசையாச் சொல்லவும் பழக்கத்துல வாயில வந்துருச்சுக்கா."

வாசல் பக்கமிருந்து உபதேசியார் சொன்னார்: "செவ்வாக்கிழமை பூசைக்கு எங்கிட்ட இருநூறு ரூவா குடுத்ததும் பழக்கத்துலதானாப்பா?"

அவர் எழுந்தார். வாசலில் உபதேசியார் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். இப்போது தரையில்.

"என்னைய வளத்தவங்கக்கா. ஸ்கூல் பீஸு கட்டுனது அவங்க. போன வருசம் செத்த சேதி வந்தப்ப கையில காசில்ல, ஹூப்ளிக்குப் போகல. மொகத்தக் கூடப் பாக்கல. பவர் மட்டும் கையில இருந்துச்சு. கடன்காரன் வாசல்ல நின்னான். ஒரு கையெழுத்துத்தானன்னு..."

"சர்ட்டிபிகேட்டு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு தெரிஞ்ச பையன் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தான்."

"செத்தவங்கள உசுரோட இருக்காங்கன்னு எழுதி வாங்கிட்டு, அவங்களுக்கே செத்த பூசையும் வச்சிருக்கியேய்யா. ரெண்டுல ஒண்ணோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"பூச வைக்கலன்னா நெஞ்சு கெடந்து அடிச்சுக்குதுண்ணே" என்றார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதனால் தண்ணீர் கொடுத்தேன்.

குடித்து முடித்துக் கும்பிட்டார். "போலீசுக்கு மட்டும் போயிராதீங்க. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துர்றேன். அண்ணன் குடுத்த ஒரு லட்சம், அக்கா குடுத்த இருபதாயிரம், எல்லாத்தையும்."

வீட்டுக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஜெனிட்டா பார்த்தாள். உபதேசியார் மட்டும் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கிவிட்டதால் நான் சமையலறைக்குப் போக வேண்டியதாயிற்று.

அடுப்பில் பால் எதுவும் இல்லை.

ஜூலை 30, ஞாயிறு

பத்திரப் பதிவு நின்றுவிட்டது என்று தனபால் சாருக்குச் சொன்னோம். அவர் "நல்லவேளைம்மா" என்று சொல்லிவிட்டுத் தான் எழுதிய வரைவுக்கு மட்டும் ஐந்நூறு வாங்கிக்கொண்டார்.

ஞானாதிக்கம் அண்ணன் மனைவியின் நகையை வைத்து ஒரு லட்சத்து ஐயாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். மீதி பதினைந்தாயிரம் ஆகஸ்ட் பதினைந்து, மாதா பரலோகத் திருநாளுக்குள் என்று எழுதி, இந்தத் தடவை ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, உபதேசியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போலிச் சான்றைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. அமலோற்பவம் அம்மாளின் மகள் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். அந்த மகளிடம், பெரியம்மா இறந்த பிறகு ஒரு தடவை கூட இவர் மனையைப் பற்றிப் பேசவில்லையாம். அது எப்போதோ விற்றுப் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

வீட்டுக்காரர் இருபதாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மத்தியானம் சாப்பிடும்போது, "கூட்டு, பொரியல், ரசம்... மற்றவை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். ஜெனிட்டாவுக்குப் புரையேறிவிட்டது. நோட்டை எப்போது, எந்தக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார் என்று தெரியவில்லை.

அவர் கொடுத்தது ஒரு லட்சம், நான் கொடுத்தது இருபதாயிரம். அவர் முட்டாள்தனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்னுடையது. கணக்கு கணக்குத்தான்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஐந்தாம் செவ்வாய். நேர்ந்தது ஒன்பது, பாதியில் நிறுத்த முடியாது. மனை கிடைக்க என்றுதான் ஆரம்பித்தேன். இனி எதற்காக என்று அந்தோணியாரே முடிவு செய்துகொள்ளட்டும்.

திரும்பி வரும் வழியில் அந்த மனைப் பக்கம் ஒரு தடவை போனேன். சும்மாதான்.

இன்று அனுப்பிய பதிவுத் தபாலின் நகல் கீழே. தபால் செலவு 45. வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டினேன்.

அன்புள்ள பெனடிக்டா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் பிரகாசி, திண்டுக்கல். உங்கள் அம்மா அமலோற்பவம் டீச்சர் பெயரில் எங்கள் ஊரில் மூன்றரை சென்ட் மனை இன்னும் இருக்கிறது, விற்கப்படவில்லை. அம்மா இறந்ததை மறைத்து, பழைய பவரை வைத்து அதை எங்களுக்கு விற்கப் பார்த்தார்கள். யார் என்பது உடன் வைத்திருக்கும் காகிதங்களில் இருக்கிறது. அம்மா உயிரோடு இருப்பதாகச் செய்த போலிச் சான்றின் நகலும் இருக்கிறது. வழக்குப் போடுவதோ மன்னிப்பதோ உங்கள் விருப்பம். அவர் அழுதார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் அதுவும் நடந்தது. மூலப் பத்திரம் அவரிடம் இருக்கிறது, முதலில் அதை வாங்கிவிடுங்கள். பிறகு வாரிசுச் சான்று எடுத்துப் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் எங்களுக்குப் பிறகு வேறு ஒருவர் வருவார், அவர் பூசைக்குப் போகாதவராக இருக்கலாம்.

ஜூலை 25ஆம் தேதி எங்கள் கோயிலில் உங்கள் அம்மாவுக்கு முதலாண்டுப் பூசை நடந்தது. ஆறு பேர் இருந்தோம். நான் கவனமாகச் செபிக்கவில்லை. அதனால் இன்று காலை என் காசில் மறுபடியும் ஒரு பூசை வைத்தேன். இன்று கவனமாக இருந்தேன்.

மனையை நீங்கள் விற்பதாக இருந்தால் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், முறையான விலைக்கு. ஆனால் வாரிசுகள் எல்லோரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்களை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் தர மாட்டோம், என் வீட்டுக்காரரும் தர மாட்டார், நானும் தர மாட்டேன். விற்க விருப்பமில்லை என்றாலும் வருத்தமில்லை, அதையாவது எழுதுங்கள். நாங்கள் செப்டம்பர் கடைசிக்குள் வீடு மாற வேண்டும். பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.